இரண்டு பக்கத்துக்கும் ஒரே கந்தோர்

கொலியர்ஸ் வூட்,
லண்டன்.
11.3.1990

அன்பும் மதிப்பும் மிக்க அருட்பிரகாசம் அண்ணை அறிவது,

மாதாவின் துணையால் நானும் அவரும் சுகம். நீங்களும் மச்சாளும் மகள் அஞ்சலீனாவும் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் சுகமாயிருக்க ஒவ்வொரு நாளும் மன்றாடுகிறேன். எட்வேட்டுக்கு முதுகு நோ இன்னும் விடவில்லை. தபால் கந்தோரில் விடியக்காலை ஷிப்டுக்குப் போய் மூட்டைகள் தூக்கிவிட்டு வந்து, சோபாவில் நிமிர்ந்து படுத்தபடி என்னிடம் ரேடியோவைப் போடச் சொல்லுவார். மற்றும்படி குறையில்லை.

அண்ணை, ஒரு விசயம் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் முப்பது வருடம் புரொக்டராக இருந்து கோட்டில் வழக்குப் பார்த்தவர். அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை பதினொரு மணிக்கு எங்கள் லோயர் மிஸ்டர் ஹலட், கந்தோரில் வேலை செய்கிற எங்கள் ஒன்பது பேரையும் தன்னுடைய அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் வைன் போத்தலும் கிளாசுகளும் இருந்தன. காலமை நேரத்தில் வைனைக் கண்டதும் ஆரோ செத்துப்போச்சினம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னது, எங்கள் கந்தோர் குரோய்டனில் உள்ள ஒரு பெரிய கந்தோரோடு சேரப்போகிறது என்று. அவர்கள் எங்களை வாங்கவில்லை, நாங்கள் விற்கவும் இல்லை, இரண்டு பேரும் சேருகிறோம் என்று மூன்று தரம் சொன்னார். ஒரு தரம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

எங்கள் கந்தோரைப் பற்றி உங்களுக்கு எழுதியிருக்கிறேன். ரூட்டிங்கில் சப்பாத்துக் கடைக்கு மேலே நாலு அறை. மிஸ்டர் ஹலட் ஒருவரே வீடு வாங்குகிற உறுதியும் எழுதுவார், மரணசாசனமும் எழுதுவார், விவாகரத்துக்கும் போவார், பொலிசில் பிடிபட்டவனுக்கும் போவார். எங்கட சனம் விசா விசயமாக வந்தால் என்னைப் பக்கத்தில் இருத்தி மொழிபெயர்க்கச் சொல்லுவார். ரைப் பண்ணுவதும் நான்தான். இனி அப்படி ஒருவர் எல்லாம் செய்ய ஏலாதாம். வீடு எழுதுகிற வேலையை இப்போது லைசன்ஸ் எடுத்த வேறு ஆட்களும் செய்யலாமாம். வீட்டு விலையும் விழுந்துவிட்டதால் அந்த வேலையே பாதியாகிவிட்டது. பெரிய கந்தோரில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு விசயத்தை மட்டும் பார்ப்பார்களாம். அப்போதுதான் கெட்டித்தனம் வருமாம்.

சேர்ந்த கந்தோரின் பெயரையும் வாசித்துக் காட்டினார். நாலு பேரின் பெயர். அதில் மூன்று பேர் செத்தவர்களாம். உயிரோடு இருக்கிற மிஸ்டர் ஹலட்டின் பெயர் அதில் இல்லை. எட்வேட்டிடம் சொன்னேன். "சேருறதெண்டால் ஏன் அந்தாளின்ரை பேர் இல்லை?" என்று கேட்டார். அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

அஞ்சலீனாவை இங்கே கல்லூரிக்கு எடுக்கிற விசயம் மறக்கவில்லை. அவளுடைய விசாவுக்கு நான் பொறுப்பு நிற்பதற்கு என்னுடைய வேலைக் கடிதம் வேண்டும். மிஸ்டர் ஹலட் உடனே தர ஆயத்தம். ஆனால் பழைய கடிதத்தாள் அடுத்த மாதம் செல்லாமல் போய்விடும், புதிய தாள் வரட்டும் என்று சொன்னார். அவளைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
மெற்றில்டா


லண்டன்.
22.7.1990

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதமும் மச்சாள் அனுப்பிய மிளகாய்த்தூளும் கிடைத்தன. யுத்தம் திரும்பத் தொடங்கின நாளிலிருந்து இங்கே எல்லோரும் ரெலிபோனோடேயே இருக்கிறார்கள். கொழும்பிலும் வீடு வீடாகச் சோதனை என்று எழுதியிருந்தீர்கள். அஞ்சலீனாவைக் கோவிலுக்குக்கூடத் தனியே விடவேண்டாம். அவளை இங்கே எடுக்கும்வரை எனக்கும் நித்திரை இல்லை.

நாங்கள் குரோய்டனுக்கு வந்து இரண்டு மாதம். ரயில் நிலையத்துக்குக் கிட்ட, கண்ணாடிக் கட்டடம். மூன்றாம் மாடியில் வீடு, காணி. நாலாம் மாடியில் குடும்பப் பிரச்சினை. ஆறாம் மாடியில் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் வழக்கு. ரைப் பண்ணுகிற நாங்கள் பன்னிரண்டு பேரும் ஐந்தாம் மாடியில் ஒரு பெரிய அறையில் வரிசையாக இருக்கிறோம். லோயர்மார் கடிதங்களைப் பேசிப் பதிந்த கசற் எல்லா மாடியிலிருந்தும் வரும். காதில் போட்டுக்கொண்டு, காலால் பெடலை மிதித்து மிதித்து, கேட்பதைக் கொம்பியூட்டரில் அடிக்கவேண்டும். யார் பேசுகிறார், யாருக்காகப் பேசுகிறார் என்று பார்க்க நேரமில்லை. முதல் நாள் ஒரு பெண் வந்து, நீ எந்தப் பிரிவு என்று கேட்டாள். நான் மிஸ்டர் ஹலட்டின் ஆள் என்று சொன்னேன். அப்படி ஒரு பிரிவு இல்லையாம்.

மேரிறோஸ் என்று பாஷையூர்ப் பிள்ளை ஒருத்தி எங்கள் பழைய கந்தோருக்கு வந்துபோனவள். புருசன் அடித்துத் துரத்திவிட்டான், இருக்கிற வீட்டுக்காரன் எழுப்பி வெளியே விடப் பார்க்கிறான், விசாவும் முடியப்போகிறது. மூன்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போன கிழமை இங்கே வந்தாள். நாலாம் மாடியில் ஒரு இளம் பெண் லோயர் அவளைக் கூப்பிட்டு, அவளுடைய குழந்தையை அவளிடமே விடவேண்டும் என்று மூன்று நாளில் கோட்டில் கட்டளை எடுத்துக் கொடுத்துவிட்டாள். மிஸ்டர் ஹலட் அந்த விசயத்தை எட்டு மாதமாக இழுத்தவர். பார்த்து எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. பிறகு மூன்றாம் மாடிக்கு அனுப்பினார்கள். இப்போது வீட்டுச் சொந்தக்காரர்களுக்குத்தான் வேலை செய்கிறோம், குடியிருக்கிறவர்களுக்கு இல்லை என்றார்கள். விசா வேலை இனி இந்தக் கந்தோரில் இல்லவே இல்லை. ஜன்னலால் பார்த்தால் விசாக் கந்தோரின் உயர்ந்த கட்டடம் தெரிகிறது. அதைக் காட்டிக்கொண்டே, வேறு லோயர்மாரின் பட்டியலை அவள் கையில் கொடுத்தேன். "அக்கா, எனக்கு வந்தது ஒரு கரைச்சல்தானே, இவையள் ஏன் மூண்டாப் பிரிக்கினம்?" என்று கேட்டாள். இது நல்லதா கெட்டதா அண்ணை? ஒரு கிழமையாக யோசிக்கிறேன், விளங்கவில்லை.

இன்னொன்று. யோகலிங்கம் என்று ஒருவர். மிச்சம் என்கிற இடத்தில் ஒரு பாண் பேக்கரியில் வேலை செய்தவர். (இடத்தின் பெயரே மிச்சம்தான், சிரிக்காதீர்கள்.) மாப் பிசைகிற மெசினில் கை போய், வலது கையில் மூன்று விரல் இல்லை. நட்டஈட்டுக்கு மிஸ்டர் ஹலட்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நாள் அவர் கட்டுப்போட்ட கையோடு வந்து சொன்னதை மொழிபெயர்த்தது நான். இப்போது பார்த்தால், அந்தப் பேக்கரியின் இன்சூரன்ஸ் கம்பெனி ஆறாம் மாடிக்காரருடைய மிகப் பழைய கட்சிக்காரர். ஒரே கந்தோர் இரண்டு பக்கத்துக்கும் நிற்கக்கூடாது என்பது சட்டம். அது எனக்கும் விளங்கும். விளங்காதது, யாரை விடுவது என்று யோசிக்க ஒரு நிமிசம்கூட ஏன் எடுக்கவில்லை என்பது. யோகலிங்கத்தை விட்டுவிட்டார்கள். உங்கள் வழக்கை இனி நாங்கள் பார்க்க இயலாது, வேறு லோயரைப் பிடியுங்கள், வழக்குப் போடுவதற்குக் காலக் கெடு உண்டு என்று ஒரு கடிதம். அந்த மாதிரி அன்றைக்கு நாற்பது கடிதம் அடித்தேன். அதில் அவருடையதும் ஒன்று.

வேலைக் கடிதம் இனி மிஸ்டர் ஹலட் தரமுடியாதாம். ஆட்களின் வேலை விசயம் பார்ப்பதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். நவம்பர் முடிவில் தருவார்களாம். கல்லூரி ஜனவரியில்தானே தொடங்குகிறது, காலம் காணும்.

உங்கள் அன்புத் தங்கை,
மெற்றில்டா


லண்டன்.
25.10.1990

அன்புள்ள அண்ணை,

சுகம் விசாரிக்க இந்த முறை மனமில்லை, குறை நினைக்காதீர்கள். இங்கே கடை ரெலிபோனிலிருந்து உங்களைக் கூப்பிடலாம் என்று பார்த்தேன். கடைக்காரரும் வரிசையில் நிற்கிற சனமும் கேட்க இதைச் சொல்ல ஏலாது. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதுங்கள்.

திங்கட்கிழமை ஆறாம் மாடியிலிருந்து வந்த ஒரு கசற்றைக் காதில் போட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம். பேசுகிற ஆள் ஒரு பெயரைச் சொன்னார், யொகாலிங்காம் என்று. பெடலை விட்டேன். திருப்பி மூன்று தரம் கேட்டேன். அவர் சொல்லுவது இதுதான்: காயப்பட்டவருக்கு இப்போது லோயர் யாரும் இல்லை. அவரிடமிருந்து கடிதமும் இல்லை. நவம்பர் ஒன்பதாம் திகதியோடு மூன்று வருடம் முடிகிறது. அதற்குள் அவர் வழக்குப் போடாவிட்டால் பிறகு போட முடியாது. ஆகையால் அதுவரைக்கும் நாங்கள் ஒன்றும் எழுதாமல் இருப்பதே நல்லது.

அதை அப்படியே அடித்து அனுப்பினேன் அண்ணை. ஒரு எழுத்துப் பிழைகூட விடவில்லை.

மத்தியானம் பழைய கந்தோரின் திரும்பி வந்த தபால்கள் கிடக்கிற தட்டுக்குப் போய்த் தேடினேன். ஏன் தேடினேன் என்று தெரியாது. யோகலிங்கத்துக்கு அனுப்பின கடிதம், இந்த விலாசத்தில் இல்லை என்று எழுதி, உடைக்காமல் திரும்பி வந்து கிடந்தது. அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மாசி மாதம் அவர் வீடு மாறி, புது விலாசத்தை எனக்குத்தான் ரெலிபோனில் சொன்னவர். நான் அதைப் பைலின் உள்மட்டையில் பென்சிலால் எழுதினேன். கொம்பியூட்டரில் பழையதுதான் ஏறியிருக்கிறது. நாற்பது கடிதம் அடித்த அவசரத்தில் நானும் பார்க்கவில்லை. பைல் இப்போது எங்கேயோ களஞ்சியத்தில்.

கடித உறையை எடுத்துக்கொண்டு மிஸ்டர் ஹலட்டிடம் போனேன். மூன்றாம் மாடியில் மூலையில் ஒரு மேசை கொடுத்திருக்கிறார்கள், அவருக்கு இப்போது மரணசாசனம் மட்டும்தான். கசற்றில் கேட்டதையும் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. கசற்றில் கேட்டதை நீ கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள், ஆனால் கடிதம் திரும்பியது என்னுடைய பொறுப்பு என்று சொல்லிவிட்டு, கந்தோர்ப் பெரியவரிடம் மேலே போனார். அரை மணித்தியாலத்தால் இறங்கி வந்தார். தெரிந்த விலாசத்துக்கு அனுப்பியாயிற்று, அதோடு எங்கள் கடமை முடிந்தது, இப்போது திரும்ப எழுதினால் மற்றக் கட்சிக்காரருக்குத் துரோகம் செய்ததாகும் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அண்ணை, யோகலிங்கம் எங்கள் ஆள்தானே? இல்லை, இன்சூரன்ஸ் கம்பெனி எங்கள் ஆளா? நான் இப்போது யாருடைய கிளார்க்? திகதியைக் கசற்றில் கேட்டேன். ஆனால் அதே திகதியை மூன்று வருடத்துக்கு முன்னம் அவருடைய வாயால் கேட்டு இங்கிலிசில் சொன்னதும் நான்தானே. அப்படியென்றால் அது கசற்றின் ரகசியமா, எனக்குத் தெரிந்த விசயமா? எட்வேட், அஞ்சலீனாவுக்கான வேலைக் கடிதம் கைக்கு வரும்வரைக்கும் ஒன்றும் பேசாதே என்கிறார். அவர் சொல்லுவதும் சரி. உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மெற்றில்டா


லண்டன்.
2.12.1990

என்றும் மதிப்புக்குரிய அண்ணை அறிவது,

உங்கள் கடிதம் நவம்பர் 12ஆம் திகதி கிடைத்தது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியே விட்டால் பிறகு புரொக்டர் தொழிலே இல்லை, வாயைத் திறவாதே, பிள்ளையின் காரியத்தையும் நினை என்று எழுதியிருந்தீர்கள். அது கிடைத்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. முந்தியே கிடைத்திருந்தால் சொல் கேட்டிருப்பேனா என்று எனக்கே தெரியாது. நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன்.

யோகலிங்கத்தின் ரெலிபோன் வேலை செய்யவில்லை. ஆனால் அவருடைய மனைவி கனகவல்லி வெள்ளிக்கிழமையில் விம்பிள்டன் பிள்ளையார் கோவிலுக்குப் போகிறவ என்று தெரியும். உங்களுக்குக் கடிதம் போட்ட அடுத்த நாள் வேலை முடியப் போய் வாசலில் நின்றேன். அவ வரவில்லை. ஒரு கிழமை முழுக்க, கடவுளே அவ வராமல் விட்டால் நல்லது என்றும் நினைத்தேன், வந்தால் நல்லது என்றும் நினைத்தேன். அடுத்த வெள்ளி மரித்த விசுவாசிகளின் திருநாள். அப்பு ஆச்சிக்காகப் பூசைக்குப் போகவேண்டியவள், திரும்பவும் பிள்ளையார் கோவில் வாசலுக்குப் போனேன். சப்பாத்தைக் கழற்றுவதா விடுவதா, உள்ளே போவதா நிற்பதா என்று தெரியாமல் நிற்க, அவ தட்டோடு வெளியே வந்தா.

என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிரசாதத்தை நீட்டினா. நான் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, வழக்கு எந்த மட்டில் என்று கேட்டேன். "அது முடிஞ்சுதுதானே. ரெலிபோன் எடுத்தனாங்கள். உங்கட பேரிலை இஞ்சை வழக்கே இல்லையெண்டு ஒரு பொம்பிளை சொன்னவ. தோத்துப்போச்சாக்கும் எண்டு இவரும் பேசாமல் விட்டிட்டார்" என்று சொன்னா. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. வெண்கலக் கிண்ணம் காணாமல் போனதைச் சொல்லுவதுபோலச் சொன்னா. அவர் இப்போது இடது கையால் எழுதப் பழகுகிறாராம்.

கசற்றைப் பற்றி நான் ஒரு சொல் சொல்லவில்லை அண்ணை. "கை போன திகதி ஞாபகமிருக்கா?" என்று கேட்டேன். அவ சொன்னா. "அந்த நாளிலை இருந்து மூண்டு வரியம். அதுக்கு மேலை ஒரு நாளும் இல்லை. திங்கட்கிழமை காலமை வேறை லோயரிட்டைப் போங்கோ. ஏனெண்டு என்னைக் கேக்காதேங்கோ" என்று சொன்னேன். காசு வாங்காமல் பார்க்கிற சட்ட நிலையத்தின் பெயரைத் துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவ துண்டைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, "ஓம், போறம்" என்று மட்டும் சொன்னா. பஸ்சில் வரும்போது, கையில் பிடித்திருந்த பிரசாதம் எல்லாம் குளிர்ச்சட்டையில் கொட்டிவிட்டது.

புதன்கிழமை, ஏழாம் திகதி, சட்ட நிலையத்தார் வழக்குப் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள்தான் மிச்சமிருந்தது.

ஆறாம் மாடியில் சந்தேகம் வந்துவிட்டது. மாதக்கணக்கில் சத்தம் இல்லாமல் இருந்தவருக்கு எப்படித் திடீரென்று நாள் ஞாபகம் வந்தது? எந்தக் கசற்றை யார் அடித்தது என்கிற பட்டியலில் என்னுடைய பெயர். பத்தொன்பதாம் திகதி பெரியவர் கூப்பிட்டார். மிஸ்டர் ஹலட்டும் அங்கே இருந்தார். அந்தத் திகதி உனக்கு மொழிபெயர்த்த நாளிலிருந்தே தெரியும்தானே என்று மிஸ்டர் ஹலட் கேட்டார். எனக்கு வழி விடுகிறார் என்று விளங்கியது. ஓம் என்று மட்டும் சொல்லியிருந்தால் தப்பியிருக்கலாம். அஞ்சலீனாவின் கடிதம் ரைப் பண்ணி, கையெழுத்துக்காகக் கீழே கிடக்கிறது என்பதும் தெரியும். ஓம் என்றுதான் வாயெடுத்தேன். பிறகு, தெரியும், ஆனால் மறந்துபோயிருந்தேன், கசற்தான் ஞாபகப்படுத்தியது என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. பொய் சொல்லித் தப்பினால், கோவில் வாசலில் செய்ததும் களவாகிவிடும்போல இருந்தது.

பெரியவர் கெட்டவரில்லை. சத்தம் போடவில்லை. இருக்கச் சொல்லித் தண்ணீர் தந்தார். எங்களிடம் பேசுகிறவன் தன் பேச்சு இந்தச் சுவருக்கு வெளியே போகாது என்று நம்பித்தான் பேசுகிறான், அந்த நம்பிக்கை போனால் இந்த ஆறு மாடியில் ஒரு மாடியும் இல்லை என்றார். நீங்கள் எழுதியதும் அதேதான். இரண்டு பேரும் சொல்லுவது சரி என்று எனக்குப் படுகிறது. அப்படியிருந்தும் திரும்ப அந்த வெள்ளிக்கிழமை வந்தால் திரும்பவும் போவேன். சரியான இரண்டு விசயம் எப்படி ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் அண்ணை? நான் படிக்காதவள், எனக்கு விளங்கவில்லை. படித்த மிஸ்டர் ஹலட்டுக்கும் விளங்கவில்லை. அன்றைக்கே என்னை வேலையால் நிற்பாட்ட, லிப்ட் வரைக்கும் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், கதவு மூடும்போது, அது நான் செய்திருக்கவேண்டிய வேலை என்று சொன்னார். அவர் மாசியோடு விலகுகிறாராம். இங்கே சட்டைகள் கழுவித் தேய்க்கிற கடையொன்றில் எனக்கு அரைநாள் வேலை கிடைத்திருக்கிறது. எட்வேட் ஏசவில்லை. அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து வந்து, தானே தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

யோகலிங்கத்தின் வழக்கு வெல்லுமோ தோற்குமோ தெரியாது. வருசக்கணக்கில் போகுமாம். பேக்கரிக்காரர், அவருடைய கவனக்குறைவு என்கிறார்களாம்.

இனி எழுதக் கை வராததை எழுதுகிறேன். அஞ்சலீனாவின் கடிதம் வராது. வேலையால் நிற்பாட்டினவளுக்கு அவர்கள் கடிதம் தரமாட்டார்கள். கடையின் அரைநாள் சம்பளத்தையும் எட்வேட்டின் சம்பளத்தையும் காட்டி விசாக்காரரிடம் பொறுப்பு நிற்க ஏலாது என்று விசாரித்து அறிந்தேன். ஜனவரிக்கு அவள் வர வழியில்லை. அடுத்த வருசம் என்று எழுத நினைத்தேன், தெரியாததை எப்படி எழுதுவது? நீங்கள் அங்கே ஒவ்வொரு சோதனைக்கும் அவளை எந்த அறையில் இருத்துவது என்று தவிப்பது எனக்குத் தெரியும். ஒருவருடைய மூன்று விரலுக்காக என்னுடைய பிள்ளையை விட்டாயா என்று கேட்டால் நான் என்ன சொல்லுவேன்?

இந்தக் கடிதத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் வாசிக்க மனமில்லாவிட்டால் மச்சாள் வாசிக்கட்டும். மாமி செய்தது பிழை என்று அவள் நினைத்தால் நினைக்கட்டும், என்னைத் திட்டி எழுதினாலும் எழுதட்டும். ஆனால் ஒன்று மட்டும் அவளுக்குச் சொல்லுங்கள். கோவில் வாசலில் நின்றபோது மாமி அவளை மறந்துவிட்டு நிற்கவில்லை. அவளை நினைத்துக்கொண்டுதான் நின்றேன்.

மாதா அவளைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும்.

உங்கள் மன்னிப்பைக் கேட்கும் தங்கை,
மெற்றில்டா